பாடசாலை மைதானத்துக்கு அப்பால்

மாசியும் பங்குனியும் வந்துவிட்டால் கண்டி மாநகருக்குத் தனியானதொரு களை பிறந்துவிடும். கல்லூரிக் கொடிகளைக் கட்டிய வாகனங்கள் வாவிக் கரையைச் சுற்றி ஓடும். பப்பரே வாத்திய முழக்கம் கடைவீதிகளை அதிரச் செய்யும். கழுத்துப்பட்டியை அவிழ்த்துத் தலையிலே கட்டிக்கொண்ட மாணவர் கூட்டத்தைக் கண்டு, கோபிக்கவும் மனமின்றிச் சிரிக்கவும் மனமின்றி முதியவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவர்களும் ஒரு காலத்திலே கழுத்துப்பட்டியைத் தலையிலே கட்டியவர்களே அன்றோ! தர்மராஜாக் கல்லூரிக்கும் கிங்ஸ்வூட் கல்லூரிக்கும் இடையிலான பெரும்போட்டி 1893ஆம் ஆண்டிலே தொடங்கியது. திரித்துவக் கல்லூரியும் புனித அந்தோனியார் கல்லூரியும் மோதும் போட்டியும் நூற்றாண்டு கண்டுவிட்டது. இந்தப் போட்டிகளின் முடிவைப் பற்றி வீட்டுக்கு வீடு வாதம் நிகழும். தந்தை ஒரு கல்லூரி, மாமன் மற்றொரு கல்லூரி என்றிருந்தால் அன்றைக்கு அந்த வீட்டிலே சோறு ஆறிப் போவது நிச்சயம்.

போட்டி முடிந்த மாலைப்பொழுதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. ஆரவாரம் ஓய்ந்து, கூடாரங்கள் கழற்றப்படும் வேளையிலே, பத்தொன்பது வயது வாலிபன் ஒருவன் தன் மட்டையையும் கால்காப்பையும் பைக்குள்ளே திணித்துக்கொண்டிருப்பான். நான்கு ஆண்டுகளாகக் கல்லூரியின் முதல் அணியிலே ஆடியவன். பத்திரிகையிலே பெயர் வரக் கண்டவன். இனி அவனுக்குப் பாடசாலை மைதானம் இல்லை. நாளை அவன் எங்கே ஆடுவான்? அவனைப் பெற்றவர்கள் அவனை எங்கே அனுப்புவார்கள்? இந்த வினாவையே இன்று நாம் எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்க நாட்டிலே இதற்கு ஒரு விடை வகுத்து வைத்திருக்கிறார்கள். நமக்குக் கிரிக்கட் எப்படியோ அப்படி அவர்களுக்குப் பேஸ்போல். உயர்நிலைப் பள்ளியிலே அவ்விளையாட்டிற் சிறந்து விளங்கும் பையனைத் தேடிக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஊர் ஊராக வருவார்கள். அவன் எறியும் பந்தின் வேகத்தைக் கருவி கொண்டு அளப்பார்கள். அவனுடைய பரீட்சைப் புள்ளிகளையும் புரட்டிப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால், படிப்புச் செலவில் ஒரு பங்கைக் கல்லூரியே ஏற்கும். ஒரு பங்கு என்று நாம் எழுதுவது காரணத்தோடுதான். முதல்தரக் கல்லூரி அணி ஒன்று பேஸ்போலுக்கென வழங்கக்கூடிய முழு உதவிப்பணம், அண்மைக்காலம் வரை 11.7 பேருக்கு உரியதாகவே இருந்தது. பதினொன்றே முக்காலுக்கும் சற்றுக் குறைந்த இந்த விசித்திரக் கணக்கை இருபத்தேழு பேர் வரை பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2025ஆம் ஆண்டிலிருந்துதான் விதி மாறி, அணியிலே முப்பத்துநான்கு பேர் வரை வைத்துக்கொண்டு, கல்லூரி விரும்பினால் எல்லோருக்கும் உதவலாம் என்ற நிலை வந்தது. ஆயினும் பள்ளியிலே ஆடுவோரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே அத்தகைய கல்லூரி அணிகளுக்குள் நுழைகிறார்கள் என்பதை மறந்துவிடலாகாது. மீதித் தொண்ணூற்றுமூவரின் தாய்மார் எவ்வளவு பெருமூச்சு விட்டிருப்பார்கள்!

இருந்தபோதிலும் அங்கே வாசல் ஒன்று உண்டு. அந்த வாசல் கல்லூரியின் வாசலாகவே இருக்கிறது. விளையாட்டும் படிப்பும் ஒரே படிக்கட்டில் ஏறுகின்றன. தொழில்முறை அணிகள் பள்ளி முடித்த பையனை நேரே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் நான்காண்டுக் கல்லூரியிலே சேர்ந்துவிட்டானாயின், பொதுவாக மூன்றாம் ஆண்டு முடியும்வரையாவது இருபத்தொரு வயது வரையாவது காத்திருக்க வேண்டும். படிப்பு பாதியில் கலைந்துவிடாதபடி போட்ட வேலி என்று அதை நாம் கருதலாம்.

இலங்கையிலும் பேஸ்போல் ஆடும் பாடசாலைகள் சில உண்டு. ஜப்பானியரின் உதவியோடு தியகமவிலே அதற்கெனத் தனி மைதானமும் அமைந்திருக்கிறது. எனினும் நம் பிள்ளைகளின் கனவு கிரிக்கட்டிலேதான் குடிகொண்டிருக்கிறது. அந்தக் கனவுக்குக் கண்டியிலிருந்து செல்லும் வழி, பல்கலைக்கழகம் இருக்கும் பேராதனைப் பக்கம் திரும்புவதில்லை. கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து கொழும்பை நோக்கி இறங்குகிறது.

முன்னொரு காலத்திலே அப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1942இல் கொழும்பிலே தொடங்கிய இலங்கைச் சர்வகலாசாலை 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. மகாவலியின் கரையிலே, ஹந்தானை மலையின் அடிவாரத்திலே எழுந்த அந்த அழகிய கலைக்கூடத்தைப் பற்றி நாம் விவரிக்கத் தேவையில்லை. கண்டிக்கு வந்தோர் எவரும் காணாமற் போவதில்லை. அக்காலத்திலே சர்வகலாசாலை அணி நாட்டின் தலையாய கழகங்களோடு சரிநிகராக மோதியது. 1962-63 பருவத்திலே சரவணமுத்துக் கிண்ணத்தையே வென்றது. அந்நாளைய வீரர்களிலே வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆனவர்கள் பலர். இலங்கைக்காக ஆடிய மனோ பொன்னையா, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கும் ஆடிப் பின்னர் கட்டடக் கலைஞரானார். படித்துக்கொண்டே ஆடுவதும், ஆடிக்கொண்டே படிப்பதும் அன்றைக்கு வியப்பாகத் தோன்றவில்லை. இலங்கை 1982இல் டெஸ்ட் ஆடும் நாடாகியது. ஆட்டம் நாள் முழுதும் வேண்டும் தொழிலாயிற்று. பரீட்சையும் ஆண்டுக்கு ஆண்டு கடினமாயிற்று. இரண்டும் இரு திசைகளிலே பிரிந்து போய்விட்டன.

அப்படிப் பிரிந்த வழியிலே நடந்தவர்களில் கண்டிக்குப் பெருமை தேடித் தந்த இருவரைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். அறிந்த கதையாயினும் பெற்றோரின் கண்கொண்டு அதை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நன்று.

முத்தையா முரளிதரன் 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆந் திகதி கண்டியிலே பிறந்தார். சின்னசாமி முத்தையா, லட்சுமி தம்பதியரின் நான்கு புதல்வர்களில் மூத்தவர். அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டளவிலே தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்தவர். பாட்டனார் பின்னர் தாயகம் திரும்பினார். மகனோ இங்கேயே வேர்விட்டு, பிஸ்கட் தயாரிக்கும் தொழிலை நிறுவினார். தேயிலைச் செடியிலிருந்து பிஸ்கட் பெட்டிக்கு ஒரே தலைமுறை! 1977ஆம் ஆண்டுக் கலவரத்திலே அக்குடும்பம் பட்ட இழப்பையும், அவ்வேளை சிங்கள அன்பர்களே தங்களைக் காத்ததையும் முரளிதரன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்போது அவருக்கு ஐந்து வயது.

ஒன்பதாம் வயதிலே அவரைக் கட்டுகாஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் விடுதியிலே சேர்த்தார்கள். பெனடிக்ட் சபைத் துறவியர் வளர்த்த பழம்பெருங் கல்லூரி அது, 1854இல் தோன்றியது. வீடு வெகு தொலைவில் இல்லாதபோதும் பிள்ளையை விடுதிக்கு அனுப்பிய அந்தத் தாயின் மனத்தை நாம் எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் விடுதிப் பிள்ளைக்கு ஒரு பாக்கியம் உண்டு. மாலை மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. மைதானம் கண்முன்னே கிடக்கிறது, இருட்டும்வரை ஆடலாம். எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்களை இலங்கைக்குத் தந்தவை பயிற்சி முகாம்களைவிட இந்த விடுதி மாலைகளே என்பது எமது கருத்து.

பையன் முதலிலே மத்திம வேகப் பந்துவீச்சாளனாகவே இருந்தான். பதினான்காம் வயதிலே கல்லூரிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ அவனை அழைத்து, வேகத்தை விட்டுவிட்டுச் சுழற்பந்தைப் பழகச் சொன்னார். பதினான்கு வயதுப் பையனிடம் வேகத்தை விடச் சொல்வது இலேசான காரியமன்று. அந்த வயதிலே எல்லாப் பையன்களுக்கும் ஓடி வந்து ஸ்டம்பைப் பறக்கவிடும் ஆசைதான் இருக்கும். சுழற்பந்து என்றால் மெதுவாக வீசுவது, அடி வாங்குவது, பொறுத்திருப்பது. பையன் கேட்டுக்கொண்டான். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கல்லூரியின் முதல் அணியிலே ஆடினான். நடுவரிசையிலே மட்டையும் பிடித்தான். கடைசி இரு பருவங்களிலே நூற்றுக்கு மேற்பட்ட விக்கட்டுகள் அவன் கைக்கு வந்தன. 1990-91ஆம் ஆண்டுக்கான தலைசிறந்த பாடசாலைக் கிரிக்கட் வீரன் என்னும் பாட்டா விருதும் கிடைத்தது.

கதையை இங்கே நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. விருது வாங்கினான், நாட்டுக்கு ஆடினான், உலகை வென்றான் என்று மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுவார்கள். உண்மையிலே கவனிக்க வேண்டிய இடம் விருதுக்குப் பிந்திய ஓராண்டுதான்.

பாடசாலையை விட்டதும் அவர் கொழும்பிலே தமிழ் யூனியன் கிரிக்கட், மெய்வல்லுநர் கழகத்திலே சேர்ந்தார். 1899இல் தோன்றிய அக்கழகத்தின் மைதானத்தை இன்று பி. சரவணமுத்து மைதானம் என்கிறோம். 1948இல் டொன் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியிலே இறங்கி ஆடியதும், ஆட்டக் களத்தின் நீளம் இருபத்திரண்டு யாருக்குப் பதிலாக இருபதாகவே இருந்ததைப் பின்னர் கண்டுபிடித்ததும் அந்த மைதானத்திலேதான். அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். அந்தப் பிழையை நினைத்து நம் முன்னோர் எத்தனை நாள் சிரித்தார்களோ! இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் 1982 பெப்ரவரியிலே நடந்ததும் அங்கேயே.

அதே 1991ஆம் ஆண்டிலே இலங்கை ஏ அணியோடு முரளிதரன் இங்கிலாந்துக்குப் போனார். ஐந்து ஆட்டங்கள் ஆடினார். ஒரு விக்கட்டேனும் கிடைக்கவில்லை. வாசகர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டுகிறோம். நாட்டிலே சிறந்த பாடசாலை வீரன் என்று மாலை சூட்டப்பட்ட பத்தொன்பது வயது வாலிபன், குளிர்ந்த நாட்டிலே, ஈர ஆடுகளத்திலே, ஐந்து ஆட்டம் ஆடி வெறுங்கையோடு திரும்புகிறான். ஊரிலே தந்தையின் தொழில் காத்திருக்கிறது. மூத்த மகன் வேறு. "போதும், வந்து கணக்கைப் பார்" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் உலகம் அந்தப் பெயரையே அறிந்திராது.

மறு ஆண்டு அலன் போடரின் அவுஸ்திரேலிய அணி இலங்கைக்கு வந்தது. அவர்களுக்கு எதிரான பயிற்சி ஆட்டமொன்றிலே அந்த வாலிபனின் பந்து தேர்வாளர்களின் கண்ணிலே பட்டது. 1992 ஆகஸ்ட் 28ஆந் திகதி, கெத்தாராம ஆர். பிரேமதாச மைதானத்திலே டெஸ்ட் ஆட்டத்துக்கு இறங்கினார். முதலாவதாக அவரிடம் வீழ்ந்தவர் கிரெய்க் மெக்டெர்மட். அந்த ஆட்டத்திலே 141 ஓட்டங்கள் கொடுத்து மூன்று விக்கட்டுகள். அப்படியொன்றும் ஆரவாரமான ஆரம்பம் அல்ல.

அப்புறம் நடந்தவை ஊரறிந்தவை. 2002 ஜனவரியிலே அஸ்கிரிய மைதானத்தில் சிம்பாப்வேக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 51 ஓட்டங்களுக்கு ஒன்பது விக்கட்டுகள். பத்தாவதும் அவருக்கே போகட்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டிருக்க, சமிந்த வாஸ் அதை எடுத்துவிட்டார். 2007 டிசம்பர் 3ஆந் திகதி, அதே அஸ்கிரியவிலே இங்கிலாந்தின் போல் கோலிங்வுட்டின் விக்கட்டைச் சரித்து, ஷேன் வோர்னின் 708 என்னும் எல்லையைத் தாண்டினார். அஸ்கிரிய மைதானம் திரித்துவக் கல்லூரிக்கு உரியது. புனித அந்தோனியாரின் மாணவன் உலக சாதனை படைக்கப் பரம எதிரியின் முற்றமா கிடைக்க வேண்டும்! இரு கல்லூரிகளின் பழைய மாணவர்களும் இதைப் பற்றி இன்றைக்கும் தத்தமக்கு ஏற்றவாறு விளக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். 2010 ஜூலை 22ஆந் திகதி காலியிலே, தம் கடைசி டெஸ்டிலே வீசிய கடைசிப் பந்திலே எண்ணூறாவது விக்கட். 133 ஆட்டங்களிலே 800.

பல்கலைக்கழகம் என்ற பேச்சை எடுத்துக்கொண்டோம் அல்லவா? முரளிதரனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நேர்ந்த தொடர்பு விநோதமானது. அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. 1995 டிசம்பர் 26ஆந் திகதி மெல்பேர்ன் மைதானத்திலே நடுவர் டரல் ஹெயார், இவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி ஏழு முறை முறையற்ற பந்தென அறிவித்தார். அதன்பின் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் விஞ்ஞானிகள் அந்தக் கையைப் படம் பிடித்து, அளந்து, கண்ணுக்கு எறிவதுபோல் தோன்றுகிறதே அன்றி எறிவதன்று என்றார்கள். 2005இலே எல்லாப் பந்துவீச்சாளருக்கும் முழங்கை பதினைந்து பாகை வரை நிமிரலாம் என்ற பொது விதி வந்தது. மற்றவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார்கள். இவருடைய முழங்கை அங்கே பாடமாகவே போயிற்று! பேஸ்போலில் என்றால் இந்த வழக்கே எழுந்திராது. அங்கே எறிவதுதான் ஆட்டம்.

மற்றவர் குமார் சங்கக்கார. 1977இல் மாத்தளையிலே பிறந்து கண்டியிலே வளர்ந்தவர். தந்தை சட்டத்தரணி, மகனுக்கு வீட்டு முற்றத்திலே ஆட்டம் சொல்லிக் கொடுத்த ஆசானும் அவரே. திரித்துவக் கல்லூரியிலே பையன் கிரிக்கட் மட்டும் அல்ல, பல விளையாட்டுகளிலும் கைவைத்தான், வயலினும் வாசித்தான். அப்போதைய அதிபர் லியோனார்ட் டி அல்விஸ், பிள்ளையைக் கிரிக்கட்டிலே கவனம் செலுத்த விடும்படி தாயாரிடம் கூறினாராம். அதிபர் ஒருவர் தாயை அழைத்து, "விளையாட விடுங்கள்" என்று கூறும் காட்சி எவ்வளவு அபூர்வமானது! பெரும்பாலும் அதிபர் அழைத்தால் விஷயம் மறுதலையாகவே இருக்கும். 1996இல் கல்லூரியின் அதியுயர் விருதாகிய ரைட் தங்கப்பதக்கம் அவருக்குக் கிட்டியது.

இவர் பல்கலைக்கழகத்துக்கும் போனார். கொழும்புப் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயில இடம் கிடைத்தது. ஆட்டமும் சட்டமும் ஒரே காலத்திலே கையைப் பிடித்து இழுத்தன. 2000 ஜூலையிலே காலியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார், படிப்பு நின்றுபோயிற்று. முடிவிலே 134 டெஸ்டுகளில் 12,400 ஓட்டங்கள், 38 சதங்கள். முரளிதரன் வோர்னைத் தாண்டிய அந்த அஸ்கிரிய ஆட்டத்திலே இவர் அடித்தவை 92, 152. ஆயினும் சட்டம் படிக்கப் போனவரின் நா எங்கே போகும்? 2011இலே இலண்டன் லோர்ட்ஸிலே அவர் ஆற்றிய கௌட்ரி நினைவுப் பேருரையை உலகமே உற்றுக் கேட்டது. 1983 கலவரத்தின்போது தம் தந்தையார் கண்டி வீட்டிலே முப்பத்தைந்து தமிழ் நண்பர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததை அவ்வுரையிலே நினைவுகூர்ந்தார். ஐந்து வயதிலே கலவரத்திலிருந்து காக்கப்பட்ட பிள்ளையும், ஐந்து வயதிலே காத்தவரின் வீட்டில் இருந்த பிள்ளையும் பிற்காலத்தில் ஒரே அணியிலே நின்றார்கள்.

இவ்விருவரையும் காட்டி, "பார், உழைத்தால் முடியும்" என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வது சுலபம். நாம் அதற்குத் துணியமாட்டோம். ஒருவருக்குப் பின்னால் தொழிற்சாலை இருந்தது. மற்றவருக்குப் பின்னால் சட்டத்தரணியின் இல்லம் இருந்தது. விழுந்தால் தாங்க ஒரு மெத்தை விரித்திருந்தது. உடபுசல்லாவைப் பக்கத்திலோ தெல்தோட்டைப் பக்கத்திலோ தோட்டத்து லயனிலே பிறந்த பையனின் நிலை என்ன?

அவனும் ஆடத்தான் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலையிலே எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பிரட்டுக்களத்திலே டெனிஸ் பந்தோடு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் காணலாம். பலகைத் துண்டு மட்டை. விறகுக் கட்டை விக்கட். சரிவிலே அடித்த பந்து தேயிலைக்குள் போனால் தேடி எடுக்கும்வரை ஆட்டம் நிற்கும். ஆகையால் தோட்டத்துப் பையன் நேராக, தாழ்வாக அடிக்கப் பழகுகிறான். இதனை ஒரு நல்ல பயிற்சி என்றே சொல்ல வேண்டும்! ஆனால் தோற்பந்தும், கால்காப்பும், புற்றரை ஆடுகளமும் அவன் காணாதவை. மலைச்சரிவிலே சமநிலம் அகப்படுவது அரிது. அகப்பட்ட சமநிலத்திலும் பள்ளிக்கூடத்துக்கு முன்னே தொழிற்சாலை எழுந்துவிட்டது.

அவனுக்குத் திறக்கக்கூடிய முதற் கதவு ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை. அதிலே நல்ல புள்ளி பெற்றால் நகரத்துக் கல்லூரியிலே இடமும் உதவிப்பணமும் கிடைக்கும். ஆக, பத்து வயதிலே கணக்கிற் கெட்டிக்காரனாக இருந்தால்தான் பதினைந்து வயதிலே தோற்பந்தைத் தொடலாம் என்றாகிறது. பத்து வயதிலே பந்திற் கெட்டிக்காரனாக மட்டும் இருப்பவனுக்குப் பரீட்சைத் தாளிலே அதைக் காட்ட வழியில்லை. உயர்தர வகுப்புக்குச் சேர்க்கும்போது விளையாட்டுத் திறமையையும் கருத்திற் கொள்ளும் கல்லூரிகள் உண்டு. ஆனால் அதற்குள் பதினாறு வயதாகிவிடும்.

பல்கலைக்கழகக் கதவைப் பற்றியும் பெற்றோர் சிலவற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையிலே தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. இடங்களில் நூற்றுக்கு நாற்பது நாடு முழுவதற்குமான திறமை வரிசையிலும், ஐம்பத்தைந்து மாவட்ட வாரியாகவும், எஞ்சிய ஐந்து கல்வியிலே பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியா மாவட்டம் பின்தங்கிய பட்டியலிலே உண்டு. கண்டி மாவட்டம் இல்லை. எனவே எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள தோட்டங்களில், ஒரே புள்ளி பெற்ற இரு பிள்ளைகளுக்கு இரு வேறு விதி நேரலாம்.

இவற்றுக்கு அப்பால், படிப்பல்லாத துறைகளிலே தேசிய, சர்வதேச மட்டத்திற் சிறந்து விளங்கியவர்களுக்கென்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதித் திட்டமொன்றை வைத்திருக்கிறது. விளையாட்டும் அத்துறைகளில் ஒன்று. இடங்கள் மிகச் சிலவே. உயர்தரப் பரீட்சையிலே ஆகக் குறைந்த தகுதியையும் பெற்றே ஆகவேண்டும். ஆயினும் இப்படியொரு வழி இருப்பதே பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. கல்லூரி அணிக்கு ஆடிய சான்றிதழ்களை அலுமாரியிலே பூச்சி அரிக்க விட்டுவிடுகிறார்கள். மாகாண, தேசிய மட்டத்துச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் அதிபரின் கையொப்பத்தோடு பத்திரப்படுத்தி வைக்கும்படி தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறோம். தந்தையரிடம் கொடுத்தால் எங்கே வைத்தோம் என்பதை மறந்துவிடுவார்கள்.

இவ்வழியிலும் இடம் கிடையாதவனுக்குக் கொழும்பு ரயில் உண்டு. பெருங் கழகங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. கழகம் சேர்த்துக்கொண்டாலும் ஆரம்பத்திலே கைக்கு வருவது சொற்பம். கண்டியிலிருந்து எழுபது மைலுக்கும் மேற்பட்ட தூரம். ரயிலிலே சில மணி நேரம் பிடிக்கும். நாள்தோறும் போய்வர இயலாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டுத் திண்ணை கிடைத்தவன் பாக்கியவான். கிடையாதவன் அறை வாடகை கொடுக்க வேண்டும். அதற்கு உத்தியோகம் வேண்டும். வர்த்தக நிறுவனங்கள் சில, தம் அணிக்கு ஆடக்கூடிய வாலிபர்களுக்கு வேலை கொடுப்பதுண்டு. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியனவும் விளையாட்டு வீரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. கண்டியிலிருந்து இறங்கிப்போன பையன்கள் பலர் நாட்டின் அணியைக் காணாவிடினும் இவ்வாறு ஓர் உத்தியோகத்தைக் கண்டு, சனிக்கிழமைகளிலே ஆடி, பின்பு தங்கைக்குக் கலியாணமும் செய்து வைத்திருக்கிறார்கள். பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதுவதில்லை. எங்கள் எண்ணத்திலே அவர்களும் தோற்றவர்கள் அல்லர்.

பெற்றோர் ஒரு காலவரையறை வைத்துக்கொள்ளுவது நல்லது என்பது எமது அபிப்பிராயம். பாடசாலை முடிந்ததும் இரண்டு ஆண்டுகளோ மூன்று ஆண்டுகளோ பையனுக்குக் கொடுக்கலாம். அதற்குள் பகுதிநேரப் படிப்பு ஏதேனும் ஒன்றையும் அவன் கைவிடாதிருக்கட்டும். ஒரு பருவத்துத் தோல்வியை வைத்து முடிவு கட்டலாகாது. கட்டுகாஸ்தோட்டைப் பையன் இங்கிலாந்திலிருந்து வெறுங்கையோடு வந்த அந்த ஆண்டை நினைத்துக்கொள்ளலாம். அதுபோலவே, மூன்றாண்டு முடிந்தபின்னும் கழகத்தின் இரண்டாம் அணியிலேயே இருப்பவனிடம் உண்மையைச் சொல்லவும் வேண்டும். சொல்பவர் தந்தையாக இல்லாமல் பயிற்சியாளராக இருந்தால் வீட்டிலே அமைதி நிலைக்கும்.

அஸ்கிரியவிலே 2007க்குப் பின்னர் டெஸ்ட் ஆட்டம் நடைபெறவில்லை. அது மறுபடியும் கல்லூரிப் பிள்ளைகளின் மைதானமாகிவிட்டது. டெஸ்ட் ஆட்டம் 2010 டிசம்பரிலே பல்லேகலைக்குப் போயிற்று. அந்தப் புதிய அரங்குக்கு முரளிதரனின் பெயரைச் சூட்டுவதென மத்திய மாகாண சபை அவ்வாண்டு ஜூலையிலேயே தீர்மானித்தது. பெயர் இன்னும் மாறவில்லை. பல்லேகலை அரங்கு என்றே வழங்கிவருகிறது. அங்கிருந்து சில மைல் தொலைவிலே, மகாவலிக் கரையிலுள்ள கட்டுகாஸ்தோட்டைக் கல்லூரியில், பாடம் முடிந்த பின் வலைக்குள்ளே பையன்கள் வரிசையாக நின்று பந்து வீசுகிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் இன்னும் வேகமாக வீசவே விரும்புகிறார்கள்.